கரடி பரிசு தரும் நகரம்!

தங்க நிறத்தில் ஒரு கரடி. பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கிறது. ஒரு கையை மேலே தூக்கி, "வாருங்கள், வாருங்கள்" என்று கூப்பிடுவது போல் இருக்கிறது.

அதன் உயரம் ஒரு முழம்கூட இராது. முழுவதும் தங்கமும் அல்ல. உள்ளே வெண்கலம், மேலே தங்கப் பூச்சு.

ஆனால் இந்தச் சின்னக் கரடியைப் பெறுவதற்காக ஆண்டுதோறும் உலகின் நாலா பக்கங்களில் இருந்தும் சினிமாப் படங்கள் பெர்லின் நகரத்துக்குப் பறந்து வருகின்றன. பெரிய பெரிய டைரக்டர்கள் காத்திருக்கிறார்கள். உலகப் புகழ் பெற்ற நட்சத்திரங்கள் கொட்டும் பனியில் வந்து நிற்கிறார்கள்.

இதுதான் பெர்லின் சினிமா விழா!

பிரான்சு நாட்டின் கான் நகரிலும், இத்தாலியின் வெனிஸ் நகரிலும் இதைப் போன்ற பெரிய விழாக்கள் நடக்கின்றன. ஆனால் பெர்லின் விழாவுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கான் விழா முக்கியமாகச் சினிமாத் தொழிலில் இருப்பவர்களுக்காக நடப்பது. பெர்லின் விழாவிலோ, டிக்கெட் வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். கடைக்காரர் போகலாம். பள்ளிக்கூடத்துப் பையன் போகலாம். பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டி போகலாம்.

சாதாரணமாக ஆண்டுக்கு 3 லட்சம் டிக்கெட்டுகளுக்கு மேல் விற்பனை ஆகின்றன!

இந்த விழா எப்படித் தோன்றியது? இதில் நடந்த சண்டைகள் என்ன? நம் நாட்டுப் படங்கள் அங்கே என்ன பரிசு பெற்றன? கேளுங்கள், அந்தக் கதையை.

இடிந்த நகரம்

1945-ம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்தது. ஹிட்லர் மாண்டான். ஜெர்மனி தோற்றது.

பெர்லின் நகரம் செங்கல் குவியலாகக் கிடந்தது. பெண்கள் வரிசையாக நின்று, இடிந்த சுவர்களின் கற்களைக் கைக்குக் கை மாற்றி அப்புறப்படுத்தினார்கள்.

வென்ற நாடுகள் 4. அமெரிக்கா, ரஷியா, இங்கிலாந்து, பிரான்சு. பெர்லின் நகரத்தை இவை நான்கு பங்காகப் பிரித்துக்கொண்டன. கிழக்குப் பகுதி ரஷியாவிடம். மற்ற மூன்று பகுதிகளும் சேர்ந்து மேற்கு பெர்லின் ஆயிற்று.

மேற்கு பெர்லினைச் சுற்றி நாலாபுறமும் ரஷியாவின் ஆதிக்கத்தில் இருந்த பூமி. நடுக்கடலில் ஒரு தீவு போல அது நின்றது. 1948 ஜூன் முதல் 1949 மே வரை அங்கே போகும் சாலைகளும் ரெயில் பாதைகளும் அடைக்கப்பட்டன. மாவும் நிலக்கரியும் ஆகாய விமானத்தில் போய் இறங்கின. அதை வைத்துத்தான் மக்கள் உயிர் பிழைத்தார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் சினிமா விழாவா?

ஆம். அதற்கு யோசனை சொன்னவர் ஆஸ்கார் மார்ட்டே என்ற அமெரிக்க அதிகாரி. மேற்கு பெர்லினில் சினிமா இலாகாவைக் கவனித்து வந்தவர் அவர். "இந்த நகரம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை உலகம் பார்க்க வேண்டும். கிழக்கே இருப்பவர்களும் பார்க்க வேண்டும்" என்பது அமெரிக்கர்களின் எண்ணம். ஆகவே இந்த விழா பிறக்கும்போதே அதில் கலையும் இருந்தது, அரசியலும் இருந்தது.

பழைய படம், புதிய கூட்டம்

1951 ஜூன் 6-ந் தேதி முதல் விழா தொடங்கியது. இடம்: டிட்டானியா பாலஸ் என்ற தியேட்டர். குண்டுவீச்சில் தப்பிப் பிழைத்த பெரிய மண்டபங்களில் அது ஒன்று. போர் முடிந்த அதே மாதத்தில், பெர்லினின் புகழ் பெற்ற சங்கீதக் குழு முதல் கச்சேரியை நடத்தியதும் அங்கேதான்.

முதல் படமாகக் காட்டப்பட்டது 'ரெபெக்கா'. ஆல்பிரட் ஹிட்ச்காக் டைரக்டு செய்த மர்மப் படம். அது 1940-ல் வெளிவந்தது. 11 ஆண்டு பழைய படம்!

பழைய படத்தை ஏன் போட்டார்கள்? போர்க் காலத்தில் அமெரிக்கப் படங்களை ஜெர்மானியர் பார்க்க முடியாது. உலகம் எல்லாம் பார்த்து முடித்த படம் அவர்களுக்குப் புதுப் படமாக இருந்தது. கதாநாயகி ஜோன் பான்டெய்ன் நேரில் வந்தார். அவரைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது.

அந்த ஆண்டில் பல வகைப் படங்களுக்குத் தனித்தனியாகத் தங்கக் கரடி கொடுத்தார்கள். இசைப் படத்துக்கான கரடியைப் பெற்றது எது தெரியுமா? வால்ட் டிஸ்னியின் 'சிண்ட்ரெல்லா'! சித்தியின் கொடுமைக்கு ஆளான பெண், கண்ணாடிச் செருப்பால் ராணியாகும் கதை.

கரடி ஏன்?

பெர்லின் நகரத்தின் சின்னமே கரடிதான். பாண்டியனுக்கு மீன் போல, சோழனுக்குப் புலி போல, பெர்லினுக்குக் கரடி. நகரத்தின் கொடியிலும் அது இருக்கிறது.

பரிசுக் கரடியின் உருவத்தைச் செய்தவர் ரெனே சின்டெனிஸ் என்ற பெண் சிற்பி. மிருகங்களின் சிறு உருவங்களைச் செய்வதில் பெயர் பெற்றவர். ஹிட்லர் காலத்தில் அவரைக் கலைக் கழகத்தில் இருந்து நீக்கினார்கள். அப்படி ஒதுக்கப்பட்டவர் செய்த கரடிதான், போருக்குப் பின் நகரத்தின் பெருமை ஆயிற்று.

மிகச் சிறந்த படத்துக்குத் தங்கக் கரடி. சிறந்த டைரக்டர், சிறந்த நடிப்பு முதலியவற்றுக்கு வெள்ளிக் கரடி.

ஜனங்களே நீதிபதிகள்

1952 முதல் 1955 வரை நான்கு ஆண்டுகள் ஒரு புதுமை நடந்தது. பரிசு கொடுக்கப் பெரிய நடுவர் குழு இல்லை. படம் பார்த்த ஜனங்களே ஓட்டுப் போட்டுப் பரிசை முடிவு செய்தார்கள்!

அவர்கள் எந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்?

1953-ல் 'பயத்தின் கூலி' என்ற பிரெஞ்சுப் படம். லேசாக ஆடினாலே வெடித்துவிடும் திரவத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு, மேடு பள்ளம் நிறைந்த மலைப்பாதையில் போகும் நான்கு ஏழைகளின் கதை. அதே ஆண்டில் கான் விழாவின் முதல் பரிசையும் அது பெற்றது. பெரிய நிபுணர்கள் தேர்ந்தெடுத்ததையே பெர்லின் ஜனங்களும் தேர்ந்தெடுத்தார்கள்.

1954-ல் 'ஹாப்சனின் முடிவு' என்ற இங்கிலாந்துப் படம். செருப்புக் கடை முதலாளி ஒருவர். அவருக்கு மூன்று பெண்கள். கடை வேலைக்கு ஆள் குறையும் என்று மூத்த பெண்ணுக்குக் கல்யாணமே செய்யாமல் வைத்திருக்கிறார். அவளோ, கடையில் செருப்புத் தைக்கும் தொழிலாளியையே மணந்து, அவனுடன் தனிக் கடை வைத்து, அப்பாவையே வழிக்குக் கொண்டு வருகிறாள்!

1956-ல் உலகப் படத் தயாரிப்பாளர் சம்மேளனம் இதை முதல் வரிசை விழாவாக ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு பல நாட்டு நடுவர் குழு வந்தது.

எல்லைக் கொட்டகைகள்

அந்த நாட்களில் கிழக்கு பெர்லினுக்கும் மேற்கு பெர்லினுக்கும் இடையே சுவர் கிடையாது. மக்கள் நடந்தும், ரெயிலிலும் இந்தப் பக்கம் வந்து போனார்கள்.

எல்லையை ஒட்டி மேற்குப் பக்கத்தில் பல சினிமாக் கொட்டகைகள் இருந்தன. 'எல்லைக் கொட்டகைகள்' என்றே அவற்றுக்குப் பெயர். கிழக்கில் இருந்து வருகிறவர்கள் தங்கள் ஊர்ப் பணத்தைக் கொடுத்தே அங்கே டிக்கெட் வாங்கலாம். கிழக்குப் பணத்துக்கு மதிப்புக் குறைவு. ஆனாலும் கொட்டகைக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். விழாப் படங்கள் இந்தக் கொட்டகைகளிலும் ஓடின.

1961-ல் விழா ஜூலை 4-ந் தேதி முடிந்தது. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஆகஸ்டு 13-ந் தேதி காலையில் எழுந்து பார்த்தால், நகரத்தின் நடுவே முள்வேலி! பிறகு அது சுவர் ஆயிற்று. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். தாய் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். எல்லைக் கொட்டகைகளில் வாடிக்கையாளர் இல்லை. ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

அந்தச் சுவர் 28 ஆண்டுகள் நின்றது.

சுவர் தாண்டி வந்த படம்

ஆட்கள் வர முடியவில்லை. படங்களாவது வந்தனவா? அதற்கும் வெகு காலம் ஆயிற்று. முதல் ரஷியப் படம் இந்த விழாவுக்கு வந்தது 1974-ல். மறு ஆண்டு கிழக்கு ஜெர்மனியும் ஒரு படத்தை அனுப்பியது.

அந்தப் படத்தின் பெயர் 'பொய்யன் ஜேக்கப்'. அதன் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஹிட்லர் படையினர் யூத மக்களை ஒரு சேரியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். வெளி உலகச் செய்தி எதுவும் உள்ளே வராது. ரேடியோ வைத்திருந்தால் மரண தண்டனை. ஜேக்கப் என்ற ஏழை, போலீஸ் நிலையத்தில் தற்செயலாக ஒரு செய்தியைக் கேட்கிறான். ரஷியப் படை நெருங்கி வருகிறது!

அதைத் தன் ஜனங்களிடம் சொல்ல வேண்டும். எப்படித் தெரியும் என்று கேட்டால்? "என்னிடம் ரேடியோ இருக்கிறது" என்று பொய் சொல்லிவிடுகிறான். மறுநாள் முதல் எல்லாரும் அவனைச் சூழ்ந்துகொள்கிறார்கள். "இன்று என்ன செய்தி?" ஜேக்கப் தினம் ஒரு பொய் சொல்கிறான். தற்கொலை செய்துகொள்ள நினைத்தவர்கள் கூட, "நாளைக்கு என்ன செய்தியோ" என்று உயிரோடு இருக்கிறார்கள்.

ஜேக்கப்பாக நடித்த விளாஸ்டிமில் புரோட்ஸ்கிக்குச் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது.

1989 நவம்பர் 9-ந் தேதி சுவர் திறந்தது. மூன்று மாதம் கழித்து, 1990 பிப்ரவரியில் விழா நடந்தபோது, நகரத்தின் இரண்டு பக்கங்களிலும் படங்கள் காட்டப்பட்டன. தங்கள் தெருக் கொட்டகையிலேயே விழாப் படம் பார்க்கும் பாக்கியம் கிழக்கு பெர்லின் மக்களுக்குக் கிடைத்தது.

பரிசே இல்லாத ஆண்டு

1970-ல் விழா பாதியிலேயே குலைந்து போயிற்று.

அப்போது வியட்நாமில் போர். அங்கே ஒரு பெண்ணுக்கு அமெரிக்கச் சிப்பாய்கள் இழைத்த கொடுமையை வைத்து, ஜெர்மன் டைரக்டர் மைக்கேல் வெர்ஹோவன் 'ஓ.கே.' என்ற படத்தை எடுத்திருந்தார். நடுவர் குழுத் தலைவர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் அமெரிக்கர். "இந்தப் படம் போட்டியில் இருக்கக் கூடாது" என்பது அவர் தரப்பு. "ஏன் கூடாது?" என்பது எதிர்த் தரப்பு. வாக்குவாதம் முற்றியது. நடுவர்கள் ராஜினாமா செய்தார்கள். அந்த ஆண்டு கரடிகள் யாருக்கும் கிடைக்கவில்லை!

1979-ல் நேர் எதிரான சண்டை. 'மான் வேட்டைக்காரன்' என்ற அமெரிக்கப் படம் காட்டப்பட்டது. "இது வியட்நாம் மக்களை இழிவு செய்கிறது" என்று கூறி, ரஷியாவும் அதன் கூட்டாளி நாடுகளும் விழாவை விட்டு வெளியேறின.

ஆனால் 1970 சண்டையில் ஒரு நன்மையும் விளைந்தது. 'போரம்' என்ற புதுப் பிரிவு 1971-ல் தொடங்கியது. போட்டியும் இல்லை, படாடோபமும் இல்லை. புது மாதிரியாக, துணிச்சலாக எடுக்கப்பட்ட படங்களுக்கு அங்கே இடம். தமிழ்ப் படங்கள் அங்கே போனதைப் பின்னால் பார்ப்போம்.

காலி நாற்காலி

2011-ல் நடுவர்களுக்காகப் போட்ட நாற்காலிகளில் ஒன்று காலியாக இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை. அதை எடுக்கவும் இல்லை.

அது ஈரான் நாட்டு டைரக்டர் ஜாபர் பனாகியின் நாற்காலி. ஈரான் அரசாங்கம் அவருக்கு 6 ஆண்டு சிறைத் தண்டனை விதித்திருந்தது. 20 ஆண்டுகள் படம் எடுக்கக் கூடாது. நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்றும் உத்தரவு. ஆயினும் பெர்லின் விழா அவரை நடுவராக அழைத்திருந்தது. அவர் வர முடியவில்லை. நாற்காலி மட்டும் அவருக்காகக் காத்திருந்தது.

படம் எடுக்கக் கூடாது என்றால் பனாகி சும்மா இருந்தாரா? டெஹரான் நகரில் ஒரு டாக்சியை ஓட்டினார். வண்டிக்குள் சிறிய காமிராக்களை வைத்தார். ஏறி இறங்கும் பயணிகளின் பேச்சே படம் ஆயிற்று! பெயர் 'டாக்சி'.

2015-ல் அதற்குத் தங்கக் கரடி. பனாகி அப்போதும் வர முடியவில்லை. படத்தில் நடித்த அவருடைய உறவுச் சிறுமி மேடைக்கு வந்தாள். கரடியைக் கையில் வாங்கினாள். பேச்சு வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது.

2020-ல் இன்னொரு ஈரான் டைரக்டரான முகமது ரசூலோப் தங்கக் கரடி பெற்றார். அவருக்கும் பயணத் தடை. அவருடைய மகள் பரிசை வாங்கினாள்.

பனாகியின் கதைக்குப் பிற்பகுதி உண்டு. 2025-ல் அவரே நேரில் கான் நகருக்குப் போனார். அங்கே முதல் பரிசைத் தம் கையாலேயே வாங்கினார்.

குழந்தைகள் தரும் கரடி

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா? அவர்களைக் கூப்பிட்டு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள்.

1978-ல் இருந்து பெர்லின் விழாவில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பரிசு, கண்ணாடிக் கரடி. அதை முடிவு செய்யும் நடுவர்களில் குழந்தைகளும் உண்டு!

அவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? முந்தைய ஆண்டில் படம் பார்த்த குழந்தைகளிடம் கேள்வித்தாள் கொடுப்பது வழக்கம். "படம் பிடித்ததா? ஏன்?" என்று எழுத வேண்டும். நன்றாக யோசித்து எழுதியவர்கள் அடுத்த ஆண்டு நடுவர்கள்.

பிற நாட்டுப் படத்தின் பாஷை குழந்தைகளுக்குப் புரியுமா? கீழே ஓடும் எழுத்தை வேகமாகப் படிக்கச் சிறு குழந்தைகளால் முடியாது. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கொட்டகைக்குள் ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்து, எல்லாப் பாத்திரங்களின் பேச்சையும் ஜெர்மன் பாஷையில் உடனுக்குடன் படித்துச் சொல்கிறார். பேசாப் பட காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வாரே, ஏறக்குறைய அதே மாதிரிதான்.

இந்தக் குழந்தைகள் நம் நாட்டுப் படங்களுக்கும் பரிசு கொடுத்திருக்கிறார்கள்.

2014-ல் 'கில்லா' என்ற மராத்திப் படம். தகப்பனை இழந்த சிறுவன், உத்தியோக மாற்றலான தாயோடு கடற்கரைக் கிராமத்துக்குப் போகும் கதை.

2016-ல் 'ஒட்டால்' என்ற மலையாளப் படம். ஜெயராஜ் டைரக்டு செய்தது. குட்டநாட்டு நீர்ப்பரப்பில் வாத்து மேய்க்கும் தாத்தா. தாய் தந்தையற்ற பேரன். தாத்தாவுக்கு நோய். "எனக்குப் பின் இவனுக்கு யார்?" என்ற கவலை. பையன் நல்ல இடத்துக்குப் போகிறான் என்று நம்பி அனுப்பி வைக்கிறார். அவனோ பட்டாசுத் தொழிற்சாலையில் போய் மாட்டிக்கொள்கிறான். தாத்தாவாக நடித்தவர் நடிகரே அல்ல, உண்மையான மீனவர்.

பனிக் காலத்தில் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு, சாக்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்த பெர்லின் குழந்தைகள், வாத்து மேய்க்கும் கேரளப் பையனுக்காக மனம் உருகியிருக்கிறார்கள். "இதுதான் முதல் படம்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

நம் நாட்டின் பெருமை

பெரியவர்களின் போட்டியிலும் இந்தியாவுக்கு நல்ல பெயர் உண்டு.

1958-ல் சாந்தாராம் தயாரித்து, டைரக்டு செய்து, நடித்த 'தோ ஆங்கேன் பாரா ஹாத்' படத்துக்கு வெள்ளிக் கரடி. கொலைக் குற்றவாளிகள் 6 பேரைச் சிறையில் இருந்து அழைத்துப் போய், தரிசு நிலத்தில் பாடுபடச் செய்து, மனிதர்களாக மாற்றும் அதிகாரியின் கதை. 1975-ல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த 'பல்லாண்டு வாழ்க' நினைவிருக்கிறதா? இதே கதைதான்!

வங்காள மேதை சத்யஜித் ராய்க்கு பெர்லின் ஒரு தாய்வீடு போல. 1964-ல் 'மகாநகர்' படத்துக்காகச் சிறந்த டைரக்டர் என்று வெள்ளிக் கரடி. குடும்பக் கஷ்டத்துக்காக வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கதை அது. மறு ஆண்டே 'சாருலதா' படத்துக்காக மறுபடியும் வெள்ளிக் கரடி!

1973-ல் அவருடைய 'அசனி சங்கேத்' படத்துக்குத் தங்கக் கரடியே கிடைத்தது. 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கான மக்களைப் பலி கொண்ட பஞ்சத்தைப் பற்றிய படம். விளைச்சல் பச்சைப் பசேல் என்று இருக்கும்போதே, அரிசி மட்டும் கிடைக்காமல் ஒரு கிராமம் பட்டினி கிடக்கிறது.

மதுரைப் பேச்சு பெர்லினில்

தமிழ்ப் படங்களும் போயிருக்கின்றன. 2008-ல் அமீர் டைரக்டு செய்த 'பருத்திவீரன்' 'போரம்' பிரிவில் காட்டப்பட்டது. கார்த்தி கதாநாயகனாக நடித்த முதல் படம் அது.

2024-ல் 'கொட்டுக்காளி' போயிற்று. வினோத்ராஜ் டைரக்டு செய்தது. சூரியும் அன்னா பென்னும் நடித்தது. ஒரு பெண் பேசாமல் பிடிவாதமாக இருக்கிறாள். "பேய் பிடித்திருக்கிறது" என்று குடும்பத்தார் முடிவு கட்டி, ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் அழைத்துப் போகிறார்கள். அவளைப் பிடித்திருப்பது பேய் அல்ல, வேறு சாதிப் பையன் மீது உள்ள அன்பு. அந்த ஒரு நாள் பயணம்தான் படம்.

இதே டைரக்டரின் முதல் படமான 'கூழாங்கல்' 2021-ல் ஹாலந்து நாட்டு ராட்டர்டாம் விழாவில் முதல் பரிசான புலிப் பரிசைப் பெற்றது. பெரிய செட்டு இல்லை. வெளிநாட்டு ஆட்டம் பாட்டம் இல்லை. மதுரைப் பக்கத்து வெயிலும் செம்மண்ணும் அந்தச் சீமைக்குப் போய்ச் சேர்ந்தன.

பழைய கணக்கு

நல்லதை மட்டும் சொன்னால் கதை முழுமை ஆகாது.

இந்த விழாவை 1951 முதல் 1976 வரை நடத்தியவர் ஆல்பிரட் பவர். அவர் பெயரில் ஒரு வெள்ளிக் கரடிப் பரிசும் ஆண்டுதோறும் கொடுக்கப்பட்டு வந்தது. 2020 ஜனவரியில் ஒரு ஜெர்மன் பத்திரிகை பழைய காகிதங்களைத் தோண்டி எடுத்தது. ஹிட்லர் ஆட்சியில், சினிமாவைக் கட்டுப்படுத்திய இலாகாவில் பவர் முக்கிய பதவி வகித்தவர் என்பது வெளியாயிற்று. போருக்குப் பின் அதை அவர் மறைத்துவிட்டார்.

விழாக்காரர்கள் அந்தப் பரிசை உடனே நிறுத்தினார்கள். சரித்திர ஆராய்ச்சி நிலையத்திடம் விசாரணையை ஒப்படைத்தார்கள். 70-வது விழா நடக்க இருந்த சமயம் அது. கொண்டாட்டத்துக்கு இடைஞ்சல் என்று மூடி மறைக்கவில்லை.

விழாவில் சச்சரவு இன்றும் ஓயவில்லை. 2024-ல் பாலஸ்தீனரும் இஸ்ரேலியரும் சேர்ந்து எடுத்த 'வேறு நிலம் இல்லை' சிறந்த செய்திப்படத்துக்கான பரிசைப் பெற்றது. பரிசளிப்பு மேடையில் காசா போர் பற்றி நடந்த பேச்சுக்கள் ஜெர்மனியில் பெரும் சர்ச்சையைக் கிளப்பின. மறு ஆண்டு அந்தப் படம் ஆஸ்கார் பரிசும் பெற்றது.

பிப்ரவரி வந்தால்...

ஆரம்பத்தில் கோடைக் காலத்தில் நடந்த விழா, 1978-ல் இருந்து பிப்ரவரிக்கு மாறியது. மே மாதத்தில் வரும் கான் விழாவுக்கு முந்திக்கொள்ள வேண்டும் அல்லவா?

2000-ம் ஆண்டில் இடமும் மாறியது. போட்ஸ்டாம் சதுக்கத்தில் சுமார் 1,600 பேர் உட்காரும் பெரிய அரங்கம் விழாவின் மாளிகை ஆயிற்று. முன்பு பெர்லின் சுவர் அந்தச் சதுக்கத்தின் குறுக்கேதான் போயிற்று. முள்ளும் மணலுமாகக் கிடந்த பொட்டல் அது. ஆட்கள் நடக்க முடியாமல் இருந்த இடத்தில் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள்.

2021-ல் கொள்ளை நோய் காரணமாகக் கொட்டகைகள் மூடிக் கிடந்தன. மார்ச்சில் தொழில் துறையினருக்கு மட்டும் இணையத்தின் வழியாகப் படம் காட்டினார்கள். ஜனங்களைக் கைவிட்டார்களா? இல்லை. ஜூன் மாதத்தில் திறந்தவெளியில், நட்சத்திரங்களின் கீழ், அவர்களுக்கென்று தனி விழா நடத்தினார்கள்.

2025-ல் 75-வது விழா நடந்தது. டிரிசியா டட்டில் என்ற அமெரிக்கப் பெண்மணி தலைமையில் நடந்த முதல் விழா அது. தங்கக் கரடி நார்வே நாட்டுப் படத்துக்குக் கிடைத்தது.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் நகரத்தில் நடப்பவை இவை:

போட்டிப் படங்கள்: உலகின் பல நாடுகளில் இருந்து தேர்ந்தெடுத்தவை. தங்கக் கரடியும் வெள்ளிக் கரடிகளும் இவற்றுக்கே.

குழந்தைகள், இளைஞர் படங்கள்: பள்ளிக்கூடங்கள் வகுப்பு வகுப்பாக வருகின்றன.

படச் சந்தை: படங்களை விற்பதும் வாங்குவதும் இங்கே. ஒரு நாட்டுப் படம் இன்னொரு நாட்டுக் கொட்டகைக்குப் போவது இந்தச் சந்தையின் வழியாகத்தான்.

இளம் கலைஞர் முகாம்: சுமார் 200 இளைஞர்கள் பல நாடுகளில் இருந்து வந்து தொழில் கற்கிறார்கள். 2003-ல் தொடங்கியது.

பேட்டை விழா: பெரிய அரங்குக்கு வர முடியாதவர்களைத் தேடி, பேட்டையில் உள்ள சின்னக் கொட்டகைக்கே விழா போகிறது. சிவப்புக் கம்பளமும் கூடவே போகிறது! 2010 முதல் நடக்கும் ஏற்பாடு.

முன்பெல்லாம் டிக்கெட்டுக்காக மக்கள் போர்வையும் தலையணையுமாக வந்து இரவு முழுவதும் வரிசையில் படுத்துக் கிடப்பார்கள். "நீங்கள் எந்தப் படத்துக்கு?" "நான் அந்தப் படத்துக்கு" என்று அங்கேயே சிநேகம் உண்டாகும். இப்போது டிக்கெட் விற்பனை பெரும்பாலும் இணையத்தில். விற்பனை திறந்த சில நிமிடங்களில் பல படங்களுக்கு இடம் தீர்ந்துவிடுகிறது.

செங்கல் குவியலில் இருந்து எழுந்த ஊர், உலகத்தைப் பார்க்க ஆசைப்பட்டது. 11 ஆண்டு பழைய படத்தைப் பார்க்க முண்டியடித்தது. இப்போது உலகமே தன் புதுப் படத்தைத் தூக்கிக்கொண்டு அந்த ஊருக்குப் போகிறது.

அடுத்த பிப்ரவரியிலும் கரடி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பேட்டைக் கொட்டகையின் முன் வரிசையில் கேள்வித்தாளும் பென்சிலுமாக ஒரு சிறுமி உட்கார்ந்திருப்பாள். எந்த நாட்டுப் படமாக இருந்தாலும் சரி, அவளுக்குப் பிடிக்க வேண்டும்!